ஃபைபர் வரும் வரை

"ஏழு வாரம் ஆச்சு சார், ஏழு வாரம்! ஒரு குழந்தை பொறந்திருந்தா இந்நேரம் தவழ ஆரம்பிச்சிருக்கும்!"

"ஏழு வாரத்துல தவழாதுப்பா. கழுத்தே நிக்காது."

"நீ சும்மா இரு... இல்ல சார், உங்களைச் சொல்லல, என் பொண்ணைச் சொன்னேன். நீங்க சும்மா இருக்காதீங்க. ஏதாவது செய்யுங்க!"

"சார், எங்க பதிவுல என்ன இருக்குன்னா, எங்க ஆள் ஏற்கெனவே..."

"பதிவாவது கிதிவாவது! எனக்குப் பதிவு வேண்டாம், ஃபைபர் வேணும்!"

போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தவர், நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை தயாரிப்பவர். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை போட்டு வீட்டிலிருந்தே வேலை. எட்டு ஐம்பத்தேழுக்கு வரவேண்டிய வண்டி எட்டு ஐம்பத்தொன்பதுக்கு வந்தால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் இப்படி ஓர் இணையம். ஒருவருடைய படத்தைத் திறந்தால் முதலில் நெற்றி வரும். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூக்கு வந்திருக்கும். வாய் வருவதற்குள் யாருடைய படத்தைத் திறந்தோம் என்பதே மறந்துவிடும்.

"திட்டினது போதும்ங்க," என்றாள் அவர் மனைவி. "பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. இருபது நிமிஷம் ஒழுங்கா ஓடினா போதும். இருபதே நிமிஷம்."

அவள் ஒரு பல் மருத்துவமனையில் பதினோரு வருஷம் வரவேற்பாளராக இருந்தவள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் டாக்டர், இனிமேல் யாருடைய வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு ரோஜா வளர்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து வரவேற்பாளருக்கு வரவேற்க ஆளில்லை. முப்பத்தெட்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். முப்பத்தேழு இடங்களிலிருந்து மூச்சில்லை. காலையில் எழுந்து தலை சீவி முடித்ததும், "இதெல்லாம் யாருக்காக?" என்று கண்ணாடி கேட்பது போலிருக்கும். கண்ணாடியோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று பயந்துபோயிருந்த சமயத்தில்தான் முப்பத்தெட்டாவது இடத்திலிருந்து அழைப்பு வந்தது.

பெரிய மரச்சாமான் நிறுவனம். புகார்ப் பிரிவு. அலமாரி கோணலாக வந்தவர்களும், நாற்காலிக்கு மூன்று கால் மட்டும் வந்தவர்களும் வீடியோவில் தோன்றிக் கத்துவார்கள். வீட்டிலிருந்தபடியே, சிரித்த முகம் மாறாமல், அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். பதினோரு வருஷம் பல்வலிக்காரர்களிடம் "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று சிரித்துச் சொன்னவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. அது கிடைக்காவிட்டால் முப்பத்தொன்பதாவது விண்ணப்பம் போடும் தெம்பும் இல்லை.

"கவலைப்படாதம்மா," என்றார் மாமனார். "இந்த நெட்டால அவதிப்படற பாவத்துல எங்க எல்லாருக்குமே பங்கு இருக்கு."

அது உண்மைதான். மாமனார், எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரோடு இணையத்தில் சதுரங்கம் ஆடுவார். "ஒரு குதிரையை நகர்த்தினா அது போய்ச் சேர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகுது. உயிருள்ள குதிரையே இதைவிடச் சீக்கிரம் போயிடும்," என்று தினமும் புலம்புவார். இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர், எதிராளி காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போக, கொஞ்ச நாளாக ஜெயிக்கத் தொடங்கியிருந்ததால் புலம்பல் சற்று உற்சாகமாகவே இருந்தது.

கணவருக்கு அலுவலகக் கூட்டங்களில் கேமராவைப் போட முடிவதில்லை. திரையில் ஒன்பது பேர் முகமும் தெரிய, பத்தாவதாக ஒரு சாம்பல் வட்டம்தான் அவர். "எவ்வளவு அவமானம் தெரியுமா?" என்பார், காதில் இயர்போனோடு, அரைக்கால்சட்டையில், பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. பதினைந்து வயது மகளுக்கு மாலையில் கணக்கு வகுப்பு. பத்தாவது நிமிஷம் ஆசிரியர் வாய் திறந்தபடி நின்றுபோவார். "என் எதிர்காலமே போச்சு" என்று சொல்லிவிட்டு, தலையணை தடிமனில் ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு அவள் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.

"போன் டேட்டாவுல பேசிடலாமேம்மா?" என்றாள் மகள்.

"மாடிப்படித் திருப்பத்துல மட்டும்தானே டவர் கிடைக்குது. நான் அங்க உக்காந்து 'என்னுடைய பலம் பொறுமை'ன்னு சொல்லிட்டிருக்கும்போது மேல்வீட்டுக்காரர் குப்பைக்கூடையோட என் தலையைத் தாண்டிப் போவார்."

மணி எட்டே முக்கால்.

"இதுக்கு ஒரே வழி ஒழுங்கு," என்றார் கணவர். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அவளுக்குத் தெரியும். அட்டவணை போடப் போகிறார்.

போட்டார். 'வீட்டு இணையப் பயன்பாட்டுக் கால அட்டவணை' என்று தலைப்பு. பத்தரை முதல் பதினொன்றரை வரை யார் யார் எந்தெந்தக் கருவியை அணைத்து வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், கழிவறைக்குப் போனால் எதைக் கையில் எடுத்துப் போகக்கூடாது என்பதெல்லாம் நிமிஷ வாரியாக அதில் இருந்தது. நான்கு பிரதி எடுக்க அதை அச்சுப்பொறிக்கு அனுப்பினார்.

மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த அச்சுப்பொறி கண்விழித்தது. அட்டவணையை அச்சிடவில்லை. "புதிய பதிப்பு இறங்குகிறது. அணைக்க வேண்டாம்," என்று தன் சின்னத் திரையில் காட்டியது.

"யாரு இறக்கச் சொன்னா?"

"அதுவா இறக்குதுப்பா."

"எவ்வளவு நேரமாகும்?"

"நாலு மணி நேரம், பன்னெண்டு நிமிஷம். இல்ல, இப்ப அஞ்சு மணி நேரம்."

"இருக்கிற நெட்டையெல்லாம் இதுவே குடிச்சிடும் போலிருக்கே! வயரைப் பிடுங்கு."

"அணைக்க வேண்டாம்னு போட்டிருக்கு."

"அது போட்டா? இந்த வீட்டுல நான் போட்டதை யாராவது கேக்கறீங்களா?"

அவரே குனிந்து, மேஜைக்கடியில் கையை விட்டு, ஒரு வயரைப் பிடுங்கினார். அச்சுப்பொறி தொடர்ந்து மினுக்கியது. மோடம் அணைந்தது.

மறுபடி மாட்டினார்கள். மோடத்தில் நாலு விளக்கு. பச்சையாக எரியவேண்டிய மூன்றாவது விளக்கு ஆரஞ்சு நிறத்தில், காய்ச்சல்காரன் கண் போல, விட்டு விட்டு எரிந்தது. மகள் வேகத்தைச் சோதித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

"முன்னாடி மெதுவா இருந்ததுல்ல?"

"ஆமா."

"அதுல பாதி."

மணி ஒன்பதரை. இதுவரை வாயைத் திறக்காமல் மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமனார் தொண்டையைச் செருமினார்.

"செருப்பு அடுக்குக்குப் பின்னாடி, தரையோட தரையா வச்சிருக்கீங்க. அதுக்கு எப்படி வேகம் வரும்? உசரத்துல இருக்கணும்."

"அப்பா, அது லிஃப்ட் இல்ல."

"நாப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் சொல்றேன். எதையுமே மேல கொண்டுபோய்ப் பாக்காம குறை சொல்லக்கூடாது."

கூடத்தின் உட்கூரையில், மழைக்காலத்தில் துணி உலர்த்த, கயிறும் கப்பியும் வைத்த ஒரு கம்பிச் சட்டம் தொங்கியது. மாமனார் அதைக் கீழே இறக்கினார். இருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து மருமகள் தோளில் போட்டார். மோடத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து, பளு ஏற ஏற இறுகும், யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சுப் போட்டார். தொழிலில் அவருக்குப் பேர் வாங்கித்தந்த முடிச்சு அது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

மோடம் ஏறியது. விளக்குகள் மினுக்க, ராத்திரியில் புறப்படும் சின்னக் கப்பல் மாதிரி, ஆடி ஆடி அழகாகவே ஏறியது. மகள் கைதட்டக்கூடச் செய்தாள். உட்கூரைக்கு ஒரு முழம் இருக்கும்போது டெலிபோன் வயர் விறைத்தது. மாமனார் இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். சுவரில் பதித்திருந்த இணைப்புப் பெட்டி, உள்ளங்கையளவு சுண்ணாம்பையும் அழைத்துக்கொண்டு, சுவரைவிட்டு வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது.

சுண்ணாம்புத் தூள் நிதானமாகத் தரையில் இறங்கியது.

"உசரம் சரியா இருக்கு," என்றார் மாமனார்.

"மாமா, இன்டர்வியூ!"

"பதறாதம்மா. இருக்கு, வழி இருக்கு." ஸ்டூலைப் போட்டு ஏறி, தொங்கிய பெட்டியைப் பிடித்து, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு விளக்கு வந்தது. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்தார். இரண்டாவது வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தார். மூன்றாவது ஆரஞ்சாக வந்தது. "நான் இப்படியே அசையாம நின்னா போதும், லைன் இருக்கும்."

"மோடத்தைக் கீழ இறக்குங்கப்பா!"

"அந்த முடிச்சு அவிழாதுடா. அதுதானே அதுக்கு அழகு."

"எவ்வளவு நேரம்ப்பா இப்படியே நிப்பீங்க?"

"பன்னெண்டாவது மாடிக்கும் பதிமூணாவது மாடிக்கும் நடுவுல ஒரு தடவை ஆறு மணி நேரம் நின்னிருக்கேன். போடா."

இப்போது மகளுடைய முறை. மூன்றாவது விளக்கு ஆரஞ்சிலேயே நிற்பதற்குக் காரணம் மோடம் குழம்பிப்போயிருப்பதுதான் என்றாள். அதை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் சரியாகிவிடும். இணையத்தில் படித்ததாகவும் சொன்னாள். இந்த வேகத்தில் அதை எப்போது படித்து முடித்தாள் என்று கேட்க யாருக்கும் அப்போது தோன்றவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் ஏறி, அம்மாவின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, மோடத்தின் பின்பக்கத் துளையில் குத்திப் பத்து எண்ணினாள்.

எல்லா விளக்கும் அணைந்து, எல்லா விளக்கும் வந்தன. மூன்றாவது பச்சை!

"பாத்தீங்களா!" என்று குதித்தாள். மேஜை ஆடியது. தாத்தா ஆடினார். பச்சை ஆரஞ்சானது.

"குதிக்காத!" என்றார்கள் மூன்று பேரும்.

லேப்டாப்பைத் திறந்தார்கள். வீட்டு வைஃபையின் பெயரே காணோம். அதற்குப் பதிலாக, கைதி எண் போல நீளமான ஓர் எண் வந்து கடவுச்சொல் கேட்டது.

"பழைய பாஸ்வேர்டு வேலை செய்யல."

"முதல்லேருந்து ஆரம்பிச்சா அப்படித்தான்மா. கம்பெனி பாஸ்வேர்டுக்குப் போயிடும். மோடத்துக்கு அடியில ஒட்டியிருப்பாங்க."

நாலு பேரும் மேலே பார்த்தார்கள். மோடத்தின் அடியில் ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மாமனாரின் முடிச்சும் இருந்தது.

மணி பத்தே முக்கால். அதற்குப் பிறகு நடந்ததை ஒரு குடும்பத்தின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கலாம். கணவர் மேஜைமேல் மண்டியிட, மகள் அவர் தோளில் ஏறி, கைபேசிக் கேமராவை ஸ்டிக்கருக்கு நேரே பிடித்துப் பெரிதாக்கி, தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கத்தினாள். தெரியாதவற்றுக்குத் தாத்தா, அழுத்திய கட்டைவிரல் அசையாமல், இன்னொரு கையில் துடைப்பத்தைப் பிடித்து, கயிற்றை அரை அங்குலம் விலக்கினார். அம்மா தட்டச்சு செய்தாள். ஆறாவது முயற்சியில் கதவு திறந்தது.

பத்து ஐம்பத்தெட்டு. அவள் ஓடிப்போய், தோளில் இருந்த துண்டுகளை வீசிவிட்டு, முகம் கழுவி, தலையை அவசரமாக ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதிரே லேப்டாப். லேப்டாப்புக்கு அப்பால், ஸ்டூலின்மேல், ஒரு கையை உயர்த்திய சிலையாக மாமனார். அவர் காலடியில் மகள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் கணவர், கையில் வெள்ளைத்தாளும் தடித்த பேனாவும்.

"படம் நின்னுபோனா பதறாத," என்று கிசுகிசுத்தார். "சிரிச்ச முகமா இரு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

இவர்கள் பார்த்துக்கொண்டதால்தான் இந்த நிலைமை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரை விழித்தது.

மூன்று கட்டங்களில் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியும் நீளமான கழுத்துமாகப் பிரிவின் தலைவி. இடப்பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி. வலப்பக்கம் ஒரு மீசை.

"முந்தின வேலையில உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று தலைவி கேட்டாள். கேள்வி அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துசேர நேரமானது. பதில் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச்சேர இன்னும் நேரமானது. நடுவில் இருபக்கமும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பயந்துபோய் வர்றவங்க, போகும்போது கையசைச்சிட்டுப் போவாங்க. அது பிடிச்சிருந்தது," என்றாள் அவள்.

எட்டு விநாடி கழித்துத் தலைவி தலையாட்டி எதையோ எழுதினாள்.

"சரி. இப்ப ஒரு சின்னப் பரீட்சை. இவர் ஒரு வாடிக்கையாளர். ரொம்பக் கோபமா இருக்கார். நீங்க சமாளிக்கணும்." மீசை நாற்காலியில் நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தது. "ஏம்மா! நான் வாங்கின அலமாரிக்கு ஏழு கதவு அனுப்பியிருக்கீங்க, கீல் ஒண்ணுகூட இல்ல! ஏழு கதவை வச்சிக்கிட்டு நான் என்ன..."

மாமனாரின் மூக்கின்மேல் சுண்ணாம்புத் தூள் ஒன்று வந்து உட்கார்ந்தது.

மீசை நின்றுபோனது. வாய் முழுசாகத் திறந்து, உள்நாக்குவரை தெரிய, அப்படியே நின்றது. சத்தம் இல்லை. தலைவியும் கண்ணாடியும் பாதி சிமிட்டிய கண்களோடு நின்றார்கள். வரவேற்பாளர் புன்னகைத்தாள். ஒரு நிமிஷம் போனது. பதினோரு வருஷப் பழக்கத்தில், மீசைக்காரருக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல்லை அடைக்க வேண்டும் என்பதைக் கவனித்தாள். இரண்டு நிமிஷம் போனது. முப்பத்தெட்டாவதும் போயிற்று என்று நினைத்தாள். கணவர் தாளில் 'சிரி' என்று எழுதிக் காட்டினார். சிரித்தாள். மாமனாருக்கு வியர்த்துக் கொட்டியது. அச்சாகாத அட்டவணையை அப்பா கையால் எழுதிவைத்த தாளால் மகள் அவருக்கு விசிறினாள். அந்தக் காற்றில் சுண்ணாம்புத் தூள் மூக்கின்மேலிருந்து மூக்குக்குள் போனது. நாலு நிமிஷம். ஐந்து. அவர் முகம் சுருங்கியது, விரிந்தது, வானத்தைப் பார்த்தது.

வீடே அதிரும்படி ஒரு தும்மல்.

ஆரஞ்சு பச்சையானது.

"...இதுக்கு என்னம்மா பதில் சொல்றீங்க?" என்று மீசை கேட்டு முடித்தது. அதன் நெற்றி முழுக்க வியர்வை. டையைத் தளர்த்தியிருந்தது.

எதற்குப் பதில்? ஏழு கதவுக்கு அப்புறம் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை. வேறு வழி தெரியாமல், பல் மருத்துவமனைக் குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்கு விட்டுப்போகக்கூடாது சார். சிரமம் பாக்காம முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் அசைவே இல்லை. மறுபடி நின்றுவிட்டது என்று நினைத்தாள். நிற்கவில்லை. தலைவி பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷமா இந்தப் பிரிவை நடத்தறேன். ஆறு நிமிஷம் கத்தி முடிச்சவரைப் பாத்து இன்னொரு தடவை கத்துங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"நான் வேணும்னே ரொம்ப மோசமாப் பேசினேன்ங்க," என்றது மீசை, தலையைக் குனிந்துகொண்டு. "கடைசியில உங்க கொண்டையைப் பத்திக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க கண்ணைக்கூட சிமிட்டல. அதே சிரிப்பு. மன்னிச்சிடுங்க."

என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நாக்கு துடித்தது. "பரவாயில்லை சார்," என்றாள்.

"உங்க வீட்டு நெட் எப்படி?" என்று முதல்முறையாக வாயைத் திறந்தது கண்ணாடி. "எங்க பக்கம் எல்லாம் தெளிவா இருந்துச்சு. அப்பப்ப ஏதோ லேசா..."

"ஃபைபர் வரப்போகுது சார்."

"ரொம்ப நல்லது. வாடிக்கையாளருக்கு உங்க முகம் ஒவ்வொரு நொடியும் தெளிவாத் தெரியணும். அந்த முகம்தான் எங்களுக்கு வேணும். தினமும் எட்டு மணி நேரம்."

"திங்கட்கிழமை சேர்ந்துடுங்க," என்றாள் தலைவி.

திரை அணைந்ததும் வீட்டில் நடந்த ஆரவாரத்தில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கணவர், கையில் இருந்த 'சிரி' தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கூடத்தை இரண்டு தடவை வலம் வந்தார். ஸ்டூலிலிருந்து இறக்கிவிடப்பட்ட மாமனார், மடங்க மறுத்த கையை உயர்த்தியபடியே சோபாவில் உட்கார்ந்து, "நான் தும்மினதுதான் திருப்பம்," என்றார். யாரும் மறுக்கவில்லை. ஐந்து மாதத்துக்கப்புறம் அந்த வீட்டில் நாலு பேரும் ஒரே விஷயத்துக்காக ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"திங்கட்கிழமைக்கு ஒரு ஒத்திகை பாத்துடலாமா?" என்று மாமனார்தான் ஆரம்பித்தார். "நான்தான் வாடிக்கையாளர். ஏம்மா! இது அலமாரியா, சவப்பெட்டியா? இதை அனுப்பினவனுக்கு மூளை இருக்கா? அதை வித்த உனக்கு இருக்கா?"

மருமகள் சிரித்தபடி இருந்தாள். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லத் தெரியல, சிரிக்க மட்டும் தெரியுது! உன் கொண்டையும் நீயும்!"

"கொண்டையைப் பத்திப் பேசினீங்க, அந்த ஏழு கதவையும் உங்க தலையிலயே மாட்டிவிட்டுடுவேன்!" என்று எழுந்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்பது விநாடி," என்றார் கணவர்.

இன்னொரு தடவை முயன்றார்கள். ஏழு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல் மருத்துவமனைக்கு வந்தவர்கள் யாரும் அவளைத் திட்டியதே இல்லை. அவ்வளவு வீங்கிய கன்னத்தை வைத்துக்கொண்டு யாராலும் வாயைத் திறந்திருக்க முடியாது. அந்த ஆறு நிமிஷமும் திரையில் சிரித்தது அவள் இல்லை. எங்கோ ஒரு செம்புக் கம்பிக்குள் மாட்டிக்கொண்ட அவள் படம். அந்தப் படத்தைத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

அழைப்பு மணி அடித்தது.

"ஃபைபர் கனெக்ஷன்!" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"நான் பாக்கறேன்," என்றார் கணவர். "நீ உக்காருடா, நான் போறேன்," என்றார் மாமனார், மடங்காத கையோடு பாதி எழுந்து. "நான், நான்!" என்று மகள் அதற்குள் கதவுக்குப் பாதிதூரம் போய்விட்டாள். ஏழு வாரம் காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு ஆவல் என்று அம்மாவுக்கு நெஞ்சு கனத்தது. தான் செய்யப்போவதை நினைத்ததும் இன்னும் கனத்தது.

"எல்லாரும் இருங்க. எனக்காக இன்னைக்கு நீங்க பட்ட பாடு போதும். நான் பேசிக்கறேன்."

வெளியே போய்க் கதவைப் பின்னால் சாத்தினாள். தோளில் மஞ்சள் கேபிள் சுருளும், கையில் ஏணியுமாக, நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது.

"இன்னைக்கு மாட்டிடலாமா மேடம்?"

அவள் பதில் சொல்லாமல், வாங்க என்று சைகை காட்டி, மாடிப்படித் திருப்பம்வரை இறங்கினாள். அவர் ஏணியோடு பின்னால் இறங்கினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு சின்ன உதவி. வீட்டுல எல்லாரும் இதுக்காக ஏழு வாரமா தவமா தவம் கிடக்கறாங்க, பாவம். ஆனாலும் கொஞ்சம் தள்ளி, அடுத்த மாசம் வாங்களேன். நான் சொன்னதா மட்டும் யாருக்கும் தெரிய வேணாம்."

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். கேபிள் சுருளைத் தோளிலிருந்து இறக்கினார். படியில் உட்கார்ந்து, கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களுமா மேடம்? ரெண்டாவது வாரம் பெரியவர், நாலாவது வாரம் உங்க வீட்டுக்காரர், போன வாரம் உங்க பொண்ணு, மூணு பேருமே தனித்தனியா இதே மாதிரி கதவைச் சாத்திட்டு வந்து, 'மத்தவங்க தவமா தவம் கிடக்கறாங்க, நான் சொன்னதா தெரிய வேணாம்'னுதான் என்னைத் திருப்பி அனுப்பினாங்க. தயவுசெஞ்சு ஒரே ஒரு தடவை நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பேசிடுங்களேன்."